மறுகா

நான் எழுதிய கருவிக்குக் கறுப்புத் திரையில்
ஒரே ஒரு வரி போதும்.
பெயரைக் கொடு, என்ன வரும் என்று சொல்,
என்டரைத் தட்டு.
அரை விநாடிக்குள் சி மொழியில்
ஒரு பங்ஷனைக் கக்கிவிடும்:
மேலே தலைப்பு, கீழே நெளிந்த அடைப்புகள்,
உள்ளே ஒரு குறிப்பு, 'இங்கே நீ எழுது',
கடைசி வரியில், பூச்சியத்தைத் திருப்பு.

மறுகா என்று பெயர் வைத்தேன்.
கதை சொல்கிறவர் நடுவில் மூச்சு வாங்கினால்
எங்கள் பக்கத்தில் கேட்கிறவர் சொல்கிற சொல்.
மறுகா?

சம்மாந்துறை ஆலைக்கு
நெல் உலர்த்தியை ஆள்கிற பெட்டி என்னுடைய வேலை.
ஜனவரி கடைசி. வயலில் இருந்து நெல்
சொட்டச் சொட்ட வந்து குவிகிறது.
நாற்பத்தியொரு பெயர்களை ஒரு கோப்பில் அடுக்கி
மறுகாவிடம் கொடுத்தேன்.
ஈரம்_குறைந்தால்
வெப்பம்_ஏறினால்
கரண்ட்_போனால்
மூடி_திறந்தால்
எல்லாம் 'ஆல்' என்று முடிகிறவை.
ஆல் என்பது பாதி வாக்கியம்.
மழை பெய்தால், என்று சொல்லிவிட்டு
ஒருவர் எழுந்து போனால்
நாம் குடையோடு நிற்கவேண்டியதுதான்.
பாதியைக் கருவி எழுதும்.
மீதி என் பொறுப்பு.

இதை நான் கூப்பிடுவதில்லை, அதைச் சொல்லவேண்டும்.
முகவரியை மட்டும் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்,
ஆலைக் கேற்றில் போன் நம்பரை
எழுதிவைத்துப் போகிற லொறிக்காரர் மாதிரி.
நேரம் வரும்போது அவர்கள் கூப்பிடுவார்கள்.
கூடவே ஒரு பொட்டலம் வரும்.
வெறுமை என்று அதற்குப் பெயர்,
பக்கத்தில் ஒரு நட்சத்திரம்.
கொண்டுவருகிறவன் பிரித்துப் பார்க்கமாட்டான்.
நான் கட்டிக்கொடுத்ததே
முடிச்சுக் கலையாமல் என் கைக்குத் திரும்பும்.
மனிதரிடம் அந்த நாகரிகத்தை
இரண்டு தடவைதான் கண்டிருக்கிறேன்.

நாற்பதை நிரப்பினேன்.
ஒன்றை விட்டுவிட்டேன்.
பாண் ஓட்டோ வந்ததா, மகன் விழுந்தானா,
தேநீருக்கு எழுந்தேனா,
யோசித்து யோசித்துப் பார்த்தும் ஞாபகமில்லை.
கொம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரவு பதினொன்றுக்கு
ஈரம் பதினான்குக்கு இறங்கியது.
பெட்டி வாக்குத் தவறவில்லை.
முகவரிக்குப் போய்க் கூப்பிட்டது.
உள்ளே யாரும் இல்லை.
இங்கே நீ எழுது.
பூச்சியம் திரும்பியது.
அந்த மொழியில் பூச்சியம் என்றால்
எல்லாம் நல்லம்.

எல்லாம் நல்லம், எல்லாம் நல்லம் என்று
விடியும்வரை அடுப்பு எரிந்தது.

சுபஹுக்குப் பிறகு போன் வந்தது, போனேன்.
அச்சிமுகம்மது காக்கா ஒரு பிடி நெல்லைத் தீட்டி
உள்ளங்கையில் விரித்துக் காட்டினார்.
"பத்துக்கு இறங்கிட்டு, புள்ள."
முழு மணி ஒன்றில்லை. குறுணல்.
பன்னிரண்டு தொன்னும் அப்படித்தான்.
முதலாளி சத்தம் போடவில்லை,
கணக்குக் கொப்பியை என் பக்கம் திருப்பி வைத்தார்,
அவ்வளவுதான்.
காக்காதான் கேட்டார்.
"பெட்டி கூப்பிடல்லியா?"
"கூப்பிட்டிச்சு."
"மறுகா?"

அன்று பின்னேரம் கருவியில் ஒரு வரியை மாற்றினேன்.
இப்போது அது பூச்சியம் எழுதுவதில்லை.
குறிப்பு இருந்த இடத்தில் வேண்டுமென்றே
ஒரு பிழையை எழுதிவைக்கிறது.
வந்து, பார்த்து, என் கையால் அழித்து
அந்த இடத்தில் ஏதாவது சொல்லும்வரை
கொம்பைலர் மறுக்கும்.
நான் வைத்த பெயருக்குள்
'மறு' என்று ஒரு கட்டளை இருந்ததை
அன்றைக்குத்தான் கண்டேன்.

குறுணல் இரண்டு மூட்டை
எனக்கே தந்தார்கள், கூலியில் கழித்து.
நோன்புக்கு இன்னும் மூன்று கிழமை.
கஞ்சிக்கு ஆகும்.